முந்நூற்றுப் பதினெட்டாம் மூடி

மழை வந்தால் ஊரில் எல்லோரும் குடையைத் தேடுவார்கள், நான் என் நாற்காலியைத் தேடுவேன். ஊருக்கு அடியில் ஓடும் சாக்கடைக் குழாய்களை எல்லாம் கம்ப்யூட்டருக்குள் ஒரு மாடலாக்கி ஓடவிட்டு, எவ்வளவு மழைக்கு எந்தத் தெருவில் எத்தனை அடி தண்ணீர் நிற்கும் என்று முன்கூட்டியே சொல்வது என் வேலை. மொத்தம் நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு ஆள்நுழை குழிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு மூடி, ஒவ்வொரு மூடிக்கும் ஒரு எண். எல்லாம் எனக்கு அத்துப்படி. இதைச் சொல்லிப் பீற்றிக்கொள்ள எனக்குக் கூச்சமே கிடையாது. தெரியாத்தனமாக யாராவது "என்ன வேலை பார்க்கறீங்க?" என்று கேட்டுவிட்டால் போதும், அவர் வீட்டுக் குளியலறையில் பிடித்து ஆற்றங்கரை சுத்திகரிப்பு நிலையம் வரை இழுத்துக்கொண்டு போய் விட்ட பிறகுதான் நிறுத்துவேன்.

அன்று சனிக்கிழமை. மாலை நாலு மணிக்கு என் அக்காவின் நடனக் கூடம் திறப்பு.

அக்கா இருபது வருடமாக ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுக்கிறாள். இத்தனை நாளும் அடுத்தவர் இடத்தில்தான். பள்ளிக்கூட ஹாலில் நாற்காலிகளை ஒதுக்கிவிட்டு ஆடுவார்கள், மணி அடித்தால் நாற்காலிகளைத் திரும்பப் போட்டுவிட்டு வெளியேறுவார்கள். இப்போதுதான் சொந்தமாக ஒரு கூடம். சந்துக்குள், தெருவிலிருந்து ஆறு படி கீழே இறங்க வேண்டும். தரை முழுக்க மரப்பலகை. அக்காவும் மாமாவும் இரண்டு மாதம் மண்டியிட்டு, ஒவ்வொரு பலகையாக அவர்களே பதித்தது. மாமாவின் முட்டி இன்னும் நிமிரவில்லை. அந்தப் பலகை ஒரே ஒரு தடவை சாக்கடைத் தண்ணீரில் ஊறினால் உப்பிக்கொண்டு எழுந்துவிடும். அப்புறம் அதில் ஆட முடியாது, தடுக்கி விழத்தான் முடியும்.

ஐந்து மாதம் முன்பு, அந்த இடத்தை எடுப்பதற்கு முதல் நாள், அக்கா என்னிடம் கேட்டாள்.

"ஆறு படி கீழே இருக்குடி. மழை பெஞ்சா தண்ணி வருமா?"

நான் கால்மேல் கால் போட்டுக்கொண்டு இரண்டு பொத்தானைத் தட்டினேன். திரையில் அந்தச் சந்தின் மேல் பெரிய பூஜ்யம் வந்து நின்றது.

"மாடல் சொல்லுது. ஒரு சொட்டு வராது."

அவ்வளவுதான். அக்கா மறுநாளே சாவியை வாங்கிவிட்டாள்.

சனிக்கிழமைக்கு வருகிறேன். மதியத்துக்கு மேல் பெருமழை என்று வானிலைக்காரர்கள் சொல்லியிருந்ததால் நான் அரைநாள் அலுவலகம் வந்திருந்தேன். பத்தரை மணிக்கு மேஸ்திரி உள்ளே வந்தார். குழிகளைத் திறந்து அடைப்பு எடுக்கும் கூட்டத்துக்கு அவர்தான் தலைவர். சிவப்பும் வெள்ளையுமாக வர்ணம் அடித்த அளவுகோல் ஒன்று எப்போதும் கையில் இருக்கும். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் அவருடைய ஆட்கள் சுவர்களில் தண்ணீர் ஏறிய மட்டத்தைச் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு அளந்து வருவார்கள். நான் அதை மாடலோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன். நான் ஜெயிக்கிற நாளில் அவருக்கு டீ வாங்கித் தருவேன், அவர் ஜெயிக்கிற நாளில் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வேன்.

"மேடம், சினிமா தியேட்டர் முனையில உங்க படத்துல தண்ணியே இல்லையே?"

"இல்லைன்னா இல்லை, மேஸ்திரி."

"போன செவ்வாய்க்கிழமை பெஞ்சது ஒரு தூறல். அதுக்கே அங்க கணுக்கால் வரைக்கும் நின்னுச்சு. நான் அதுல நின்னேன்."

"நீங்க வேற முனையில நின்னிருப்பீங்க."

அவர் பையிலிருந்து ஒரு செருப்பை எடுத்து என் மேஜை மேல் வைத்தார். ஒற்றைச் செருப்பு.

"இதோட ஜோடி அந்த முனையில போச்சு. உங்க மாடல்ல எங்கயாவது மிதக்குதான்னு பாருங்க."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. செவ்வாய்க்கிழமை மழையை மாடலுக்குள் கொட்டி ஓடவிட்டேன். பெய்தது எவ்வளவு, ஆற்றங்கரைக்குப் போய்ச் சேர்ந்தது எவ்வளவு என்று பார்த்தேன். நடுவில் ஒரு நீச்சல்குளம் அளவுக்குத் தண்ணீரைக் காணோம். யாரும் குடித்திருக்க முடியாது, அது குடிக்கிற தண்ணீரும் இல்லை. ஒவ்வொரு மூடியாகத் தேடிக்கொண்டே போனேன். முந்நூற்றுப் பதினெட்டில் போய் நின்றேன். தியேட்டர் முனை மூடி அதுதான்.

நடந்தது இதுதான். குழாய் நிரம்பித் தண்ணீர் மேலே வந்தால் அதை என்ன செய்வது என்று ஒவ்வொரு மூடிக்கும் நாம் மாடலில் சொல்லி வைக்க வேண்டும். மூடி மேலேயே நின்று மறுபடி உள்ளே போகலாம், தெருவில் ஓடலாம். மூன்றாவதாக இன்னொன்று உண்டு: வெளியே வந்ததும் தொலைந்துபோகலாம். தொலைந்துபோ என்றால் அதோடு சரி, அந்தத் தண்ணீர் உலகத்திலேயே இல்லை. ஏழு மாதம் முன்பு ஒரு வெள்ளிக்கிழமை, மறுநாள் காலை எங்கள் அலுவலக டைரக்டருக்குக் காட்ட வேண்டிய மாடல் ஓட்டம் இந்த ஒரு மூடியில் வந்து வந்து செத்து விழுந்துகொண்டிருந்தது. ஆறு தடவை விழுந்தது. ஏழாவது தடவை பல்லைக் கடித்துக்கொண்டு, "தொலைந்துபோ" என்று அந்த மூடிக்குச் சொல்லிவிட்டேன். ஓட்டம் சிட்டாகப் பறந்தது. டைரக்டர் கை தட்டினார். திங்கட்கிழமை மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு எத்தனையோ திங்கட்கிழமை வந்து போய்விட்டது. பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா? நான் மூடிக்கொண்ட இடத்திலிருந்து இருநூறு அடி சரிவில் என் அக்காவின் சந்து இருக்கிறது.

மூடியைத் திருத்தினேன். சாயங்கால மழையைக் கொட்டி மறுபடி ஓடவிட்டேன். ஓட்டம் ஒன்றுக்குப் பதினோரு நிமிடம். மேஸ்திரி நின்றுகொண்டே பார்த்தார். மூன்று நாற்பதுக்கு முந்நூற்றுப் பதினெட்டில் தண்ணீர் பொங்கியது. நாலு பன்னிரண்டுக்குச் சந்து முனை. அப்புறம் ஆறு படி. அக்காவின் கூடத்தில் முழங்கால் ஆழம் என்று திரை நீலமாகிவிட்டது.

"அங்க என்ன இருக்கு மேடம்?"

"எங்கக்கா."

மேஸ்திரி செருப்பை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். "மூடியை அழுத்தி வச்சா அடுத்த மூடி பறக்கும். தண்ணியைத் திருப்பித்தான் விடணும். டிப்போல நூறு மணல் மூட்டை இருக்கு. எங்க போடணும்னு உங்க பெட்டியைக் கேளுங்க. நான் லாரியைக் கிளப்பறேன்."

திருப்பிவிடுவது என்றால் சும்மாவா? மாடலில் மூட்டைகளை நேராக அடுக்கிப் பார்த்தேன், எதிரே மருந்துக்கடை மூழ்கியது. இன்னும் பத்து அடி தள்ளி அடுக்கினேன், மருந்துக்கடை பிழைத்தது, பல் டாக்டர் மூழ்கினார். எனக்குப் பைத்தியம் பிடித்ததுபோல் சிரிப்பு வந்தது. மூன்றாவதாக, விளக்குக் கம்பத்திலிருந்து கடிகாரக் கடையின் சுவர் மூலை வரை சாய்வாக ஒன்றரை அடி உயரத்துக்குப் போட்டேன். தண்ணீர் சமர்த்தாக இடப்பக்கம் திரும்பி, ஆளில்லாத கால்பந்து மைதானத்தில் போய்ப் படுத்துக்கொண்டது. ஒரு வீடு நனையவில்லை. நான் நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினேன்.

லாரியில் போய் இறங்கும்போது மணி இரண்டே முக்கால். சந்து முழுக்கக் காகிதத் தோரணம். அக்கா சரிகை வைத்த சிவப்பு உடையில், உயரக் குதிகால் செருப்பில், படியேறி ஓடி வந்தாள்.

"என்னடி இது? பூங்கொத்தோட வருவேன்னு பார்த்தா மணல் லாரியோட வந்து நிக்கறே?"

"அக்கா, தண்ணி வரப்போகுது."

"நீதானேடி ஒரு சொட்டு வராதுன்னே?"

"அது பழைய மாடல். இப்ப திருத்தியிருக்கோம்."

திருத்தியிருக்கேன் என்று சொல்ல வந்த வாய்தான். தப்பு என்று வந்துவிட்டால் எனக்குப் பன்மை தானாக வந்துவிடும். மேஸ்திரி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மூட்டையை இறக்கப் போனார்.

அக்கா பதறவில்லை. சீக்கிரம் வந்துவிட்ட மாணவர்கள் இருபது பேர் பளபளக்கும் உடைகளில் உள்ளே நின்றார்கள். அவர்களைப் பார்த்துக் கை தட்டினாள். "என் தங்கச்சி முன்னாடியே கண்டுபிடிச்சுச் சொல்லிட்டா! வாங்க எல்லாரும்! இன்னிக்கு முதல் பாடம் மணல் மூட்டை!"

எனக்கு எங்கேயாவது ஒரு மூடியைத் திறந்துகொண்டு உள்ளே போய்விடலாம்போல் இருந்தது.

லாரிக்கும் விளக்குக் கம்பத்துக்கும் நடுவே வரிசை கட்டினார்கள். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டரம்மா ஒருவர், "உள்ள நகருங்க, உள்ள நகருங்க, வழியில நிக்காதீங்க!" என்று பழைய குரலில் அதட்டினார். மாடலில் மூழ்கி எழுந்த அதே பல் டாக்டர் பட்டுச் சட்டையோடு மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டார். அக்கா நடுவில் நின்று, "ஒண்ணு, ரெண்டு, மூணு, குடு! ஒண்ணு, ரெண்டு, மூணு, வாங்கு!" என்று தாளம் போட்டாள். மூட்டைகள் ஆடிக்கொண்டே போயின. மூன்று மணிக்கு முதல் துளி விழுந்தது, மூன்றே காலுக்கு மழை வெளுத்து வாங்கியது. யாரும் ஒதுங்கவில்லை. அறுபத்தெட்டு வயதுக்காரர் ஒருவர் கையில் மூட்டையோடு முழுச் சுற்றுச் சுற்றி அடுத்தவரிடம் கொடுத்தார். அதற்குக் கைதட்டல் வேறு! நான் குடைக்குள் மடிக்கணினியை அணைத்துக்கொண்டு, "அரையடி இடப்பக்கம்! இன்னும் கொஞ்சம் சாய்வா!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். நாலு மணிக்குக் கடைசி மூட்டை விழுந்தது.

அப்புறம் காத்திருந்தோம். நாலு ஐந்து. நாலு பத்து. தெரு காலியாக, மழை மட்டும் குதித்துக்கொண்டிருந்தது. தண்ணீர் வரக்கூடாது என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அதே நெஞ்சில் இன்னொரு பாவி உட்கார்ந்துகொண்டு, வா, வா, சொன்ன நேரத்துக்கு வா என்று வேண்டிக்கொண்டிருந்தாள். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான்.

நாலு பதிமூன்றுக்கு மேட்டிலிருந்து கறுப்பாக, நுரையோடு, நாற்றத்தோடு அது வந்தது.

"வந்துடுச்சு!" என்று நான் எம்பிக் குதித்தேன். "ஒரு நிமிஷம்தான் தப்பு! ஒரே நிமிஷம்!" மேஸ்திரியின் கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு சுற்றுச் சுற்றினேன். தண்ணீர் மூட்டைச் சுவரில் முட்டியது, யோசித்தது, இடப்பக்கம் திரும்பி மைதானத்தைப் பார்த்து ஓடியது. அதன் முன்னால், மூக்கைத் தூக்கிக்கொண்டு, ஒரு செருப்பு மிதந்து போயிற்று.

"மேடம், என் செருப்பு!" என்று மேஸ்திரி கூவினார். கூட்டமே ஆரவாரம் செய்தது. கண்டக்டரம்மா விசில் அடித்தார். அக்கா என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டு, "நீ மட்டும் இல்லேன்னா என் தரை போயிருக்கும்டி" என்றாள். அவள் அழுதுகொண்டிருந்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, அந்தச் சோற்றுக்குப் பாராட்டும் வாங்கிக்கொண்டு நின்றேன்.

எல்லோரும் கூடத்துக்குள் இறங்கினார்கள். மாமா பாட்டைப் போட்டார். மேஸ்திரி மட்டும் படியில் நின்று என் காதருகே கேட்டார்.

"கீழ பாத்ரூம் ஏதாவது இருக்கா மேடம்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தெருவையே பார்த்துக்கொண்டிருந்த நான் குழாயை மறந்துவிட்டேன். தெருவுக்கு அடியில் சாக்கடை நிரம்பி நின்றால், அதே மட்டத்துக்கு வீட்டுக் குழாய் வழியாக ஏறப் பார்க்கும். கூடமோ தெருவை விட ஒரு மீட்டர் கீழே. வாசலில் கோட்டை கட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்திருக்கிறேன்!

கூடத்தின் பின்னால் ஒரு சின்ன அறை. கழிப்பறைப் பீங்கான் இன்னும் வரவில்லை, தரையில் நாலு அங்குலக் குழாயின் வாய் மட்டும் ஒரு அட்டையால் மூடியிருந்தது. அந்த அட்டை ஏற்கெனவே துள்ளிக்கொண்டிருந்தது. மேஸ்திரி லாரியின் ரப்பர் விரிப்பில் ஒரு துண்டு வெட்டிக் கொண்டுவந்து குழாய் வாயில் போட்டார். அதன் மேல் மிச்சமிருந்த தரைப்பலகை ஒன்று, பலகை மேல் ஒரு மணல் மூட்டை. களக் களக் என்ற சத்தம் அடங்கியது. அவர் தலையை ஆட்டிவிட்டு, கைகழுவத் தண்ணீர் தேடிப் போனார். அக்கா வாசலில் வந்து நின்றாள்.

"இது தாங்குமாடி?"

நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். நாலு அங்குலக் குழாய், ஒரு மீட்டர் தண்ணீர். மேலே தள்ளுகிற விசை எட்டு கிலோ. மூட்டையோ பதினைந்து கிலோ. தாராளமாகத் தாங்கும்.

"தாங்காது" என்றேன். "நீ மேல உட்காரு."

அக்கா சிவப்பு உடையைச் சுருட்டிக்கொண்டு மூட்டை மேல் உட்கார்ந்தாள். நான் கதவைச் சாத்தினேன்.

"அக்கா, எழுந்திரிக்கக் கூடாது. எழுந்தா தண்ணி வந்துடும்."

"சரி."

"நான் ஒண்ணு சொல்லணும்."

சொன்னேன். வெள்ளிக்கிழமை, ஏழாவது தடவை, தொலைந்துபோ, டைரக்டரின் கைதட்டல், திங்கட்கிழமைகள், அவள் சந்தின் மேல் நான் பார்த்துச் சொன்ன பொய்ப் பூஜ்யம், எல்லாவற்றையும். பன்மை ஒன்றுகூட இல்லாமல் சொன்னேன். "தண்ணி வராதுன்னு மாடல் சொல்லலைக்கா. சொல்ல விடாம நான்தான் வாயை அடைச்சு வச்சிருந்தேன். மேஸ்திரி செருப்பு போகலேன்னா இன்னிக்கும் தெரிஞ்சிருக்காது."

அக்காவின் முகம் உடையின் நிறத்துக்கு வந்தது. பாதி எழுந்தாள்.

"எழுந்திரிக்காதே! தண்ணி!"

பொத்தென்று உட்கார்ந்தாள். வலது காலின் செருப்பைக் கழற்றி எறிந்தாள். சரியாக என் தோளில் பட்டது.

"மாமா முட்டி தேய்ஞ்சு போச்சுடி! ரெண்டு மாசம்!"

"தெரியும்."

"அத்தனை பேர் முன்னாடி என் தங்கச்சி என் தங்கச்சின்னு குதிச்சேனேடி! கட்டிப்பிடிச்சு அழுதேனே!"

"அதனாலதான் தாங்க முடியலை."

அவள் என் பக்கம் திரும்பாமல் சொன்னாள். "நான் வேற யாரையும் கேக்கவே இல்லை. இடத்துக்காரர் தண்ணி வராதுன்னு சொன்னார், நம்பலை. பக்கத்துக் கடைக்காரர் சொன்னார், நம்பலை. நீ சொன்னே, சாவியை வாங்கிட்டேன்." எனக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. செருப்படி வலிக்கவில்லை, இது வலித்தது.

அப்போது கதவைத் தட்டிவிட்டு மேஸ்திரி தலையை நீட்டினார். அக்காவைப் பார்த்தார்.

"ஏம்மா மூட்டை மேல உட்கார்ந்திருக்கீங்க? அந்த ஒரு மூட்டையே போதுமே. வெளிய ஆட உங்களைத் தேடறாங்க." கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டார்.

வெளியே கூடத்தில் இருபது ஜோடிக் கால்கள் புதுப் பலகையில் தாளம் போடுவது கேட்டது. நான் கதவுப் பிடியில் கை வைத்தேன். அக்கா மூட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"நான் எழுந்திரிக்க முடியாதுன்னு தெரிஞ்சுதான் சொன்னியா?"

"எழுந்திரிச்சா சொல்லி முடிக்க விடமாட்டே."

அவள் எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரம் ஒற்றைச் செருப்போடு காலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"தண்ணி இறங்க இன்னும் எத்தனை நிமிஷம்?"

"பதினேழு."

"மாடல் சொல்லுதா, நீ சொல்றியா?"

நான் யோசித்தேன். "நான் சொல்றேன். கூடக் குறைய இருக்கலாம்."

அக்கா மூட்டையில் நகர்ந்து கொஞ்சம் இடம் விட்டாள். "வா. வந்து உட்காரு."

போய் உட்கார்ந்தேன். அடியில் ஊரின் மொத்தச் சாக்கடையும் பலகையை முட்டிக்கொண்டிருந்தது, எங்கள் இரண்டு பேருக்கு முன்னால் அதன் பாச்சா பலிக்கவில்லை. அக்கா என் தோளில் கை போட்டாள். அந்தக் கை மெல்ல மேலே ஏறி, என் காதைப் பிடித்து, நன்றாக ஒரு திருகுத் திருகியது. தண்ணீர் இறங்கப் பத்தொன்பது நிமிடம் ஆயிற்று. அதுவரை அவள் காதை விடவே இல்லை.